அடுத்து யாரை எடுப்பார்கள்? கூடைப்பந்து டிராஃப்ட் கணிப்பும் பெரியகுளத்து ஆடுகளமும்

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ.யில் ஆண்டுதோறும் நடைபெறும் டிராஃப்ட் என்பது, அத்தொடரின் 30 அணிகளும் முன்னரே வகுக்கப்பட்ட வரிசைப்படி, முறைக்கு ஒருவர் என்ற கணக்கில், புதுமுக வீரர்களைத் தமக்கு உரியவர்களாக ஆக்கிக்கொள்ளும் தெரிவு முறையாகும். இதில் வீரருக்குத் தன் அணியைத் தேர்ந்துகொள்ளும் உரிமை கிடையாது என்பதோடு, அணியும் தனக்கு முன்னிருப்போர் விட்டுவைத்தவர்களுள் ஒருவரைத்தான் எடுக்க முடியும். இவ்விரு கட்டுப்பாடுகளும் சேர்ந்துதான் டிராஃப்டைக் கணிப்புக்கு உரிய பொருளாக ஆக்குகின்றன. எந்த முறையில் எந்த அணி யாரை எடுக்கும் என்று மாதக்கணக்கில் முன்கூட்டியே எழுதப்படும் பட்டியல்கள் மாக் டிராஃப்ட் எனப்படுகின்றன. விளையாட்டு இதழியலில் அவை இன்று தனியொரு பிரிவாகவே வளர்ந்து நிற்கின்றன.

இக்கணிப்புக் கலை தேனி மாவட்டத்துக்குத் தொடர்பற்றது என்று கருத இடமில்லை. கொடைக்கானல் மலையடிவாரத்தில், வராக நதி வடகரை என்றும் தென்கரை என்றும் இரண்டாகப் பிரிக்கும் பெரியகுளத்தில், சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் பி.டி.சிதம்பர சூரியநாராயணன் நினைவு சுழற்கோப்பைக்கான அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி 60 ஆண்டுகளைக் கடந்து நடந்துவருகிறது. மாம்பழப் பருவமான மே மாதத்தில், மின்னொளியில் நடக்கும் அப்போட்டிக்கு இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, தரைப்படை, விமானப்படை, கடற்படை, கேரள மின்வாரியம் போன்ற அணிகள் வந்து ஆடியிருக்கின்றன. கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடி எனக் கம்பம் பள்ளத்தாக்கின் நெடுகிலுமிருந்து வரும் பார்வையாளர்களுக்கு, ஆட்டத்தின் முடிவுக்கு நிகராக ஆர்வமூட்டும் பேச்சு ஒன்று உண்டு. வயதில் இளைய ஆட்டக்காரன் ஒருவன் எதிரணியின் உயரமானவர்களுக்கு நடுவே புகுந்து பந்தைப் பறித்துவிட்டால், "இந்தப் பயல அடுத்த வருசம் பேங்க்காரய்ங்க தூக்கிருவாய்ங்க" என்று ஒருவர் சொல்வதும், எந்த வங்கி, எதற்காக என்று மற்றவர் கேட்பதும், அந்த வங்கி அணிகளின் வயதான ஆட்டக்காரர்கள் யார், எவர் ஓய்வுபெறப்போகிறார் என்று கணக்குப் போடுவதும் இயல்பாக நடப்பவை. மாக் டிராஃப்ட் எழுதுபவர் செய்வதும் அடிப்படையில் இதே வேலைதான். எனினும் அமெரிக்கக் கணிப்பாளருக்குக் கிடைக்கும் அடிப்படைத் தகவல்கள் பெரியகுளத்துப் பார்வையாளருக்குக் கிடைப்பதில்லை என்ற வேறுபாடு ஊன்றி நோக்கத்தக்கது.

முதலில் ஏலத்துக்கும் டிராஃப்டுக்கும் உள்ள வேற்றுமையைத் தெளிவுபடுத்திக்கொள்வது நலம். இந்திய ரசிகர் அறிந்தது ஐ.பி.எல். கிரிக்கெட்டும் புரோ கபடியும் பழக்கிவிட்ட ஏல முறை; கம்பம் பள்ளத்தாக்கினருக்கோ ஏலம் என்பது போடிநாயக்கனூரின் ஏலக்காய் மின்னணு ஏல மையத்திலேயே பழகிய ஒன்று. அங்கே வியாபாரி மாதிரிக் காயைக் கையிலெடுத்து, பச்சை நிறம் கெடாமல் உலர்ந்திருக்கிறதா, காய் 8 மில்லிமீட்டருக்கு மேல் தேறுமா, லிட்டர் எடை எவ்வளவு நிற்கும் என்று பார்த்து விலை கேட்கிறார். கூடுதல் விலை கேட்டவருக்குச் சரக்கு போகிறது. டிராஃப்டிலும் இதே போன்ற உற்றுநோக்கல் உண்டு, ஆனால் விலை கேட்பது கிடையாது. முதற்சுற்றில் எடுக்கப்படும் வீரரின் ஊதியம் அவர் எடுக்கப்பட்ட இடத்துக்கேற்ப ஓர் அட்டவணைப்படி அமைவதால், பணவலிமை மிக்க அணி நினைத்தவரை வாங்கிவிட முடியாது. ஏலத்தைக் கணிப்பவர் யாரிடம் பணம் மீதமிருக்கிறது என்று பார்த்தால் போதும். டிராஃப்டைக் கணிப்பவரோ ஒவ்வோர் அணியின் முறை வரும்போது களத்தில் யார் மீதமிருப்பார்கள் என்பதையும், அம்மீதத்தில் அவ்வணியின் குறையைத் தீர்ப்பவர் யார் என்பதையும் சேர்த்தே காண வேண்டியிருக்கிறது. முதலிடத்துக் கணிப்பு தவறினால் அதன்பின் வரும் ஒவ்வொன்றும் இடம் மாறுவதும் இதனால்தான்.

வரிசை எப்படி அமைகிறது என்பது அடுத்த கேள்வி. 1947-இல் தொடங்கிய இம்முறையின் அடிப்படை எண்ணம், முந்தைய பருவத்தில் அதிகம் தோற்ற அணிக்கு முதல் வாய்ப்பு தரப்பட்டால் காலப்போக்கில் அணிகளின் வலிமை சமநிலை அடையும் என்பதாகும். ஆனால் கடைசி இடத்துக்குப் பரிசு உண்டென்றால் வேண்டுமென்றே தோற்கும் ஆசையும் தோன்றும். ஆகவே 1966 முதல் இரு பிரிவுகளின் கடைசி அணிகளுக்கிடையே நாணயம் சுண்டி முதலிடம் முடிவு செய்யப்பட்டது. 1985-இல் குலுக்கல் வந்தது. 1990-இல் அதிகம் தோற்ற அணிக்கு அதிக வாய்ப்பு கிடைக்குமாறு அது திருத்தப்பட்டது. 2019 முதல் கடைசி மூன்று அணிகளுக்கும் சமமாக 14 சதவீத வாய்ப்பே அளிக்கப்படுகிறது.

இன்றைய குலுக்கலின் நுட்பம் பள்ளிக் கணக்குப் பாடத்துக்கே எடுத்துக்காட்டாகத் தக்கது. 1 முதல் 14 வரை எண்ணிட்ட பந்துகள் ஓர் இயந்திரத்தில் சுழல, அவற்றுள் நான்கு வெளியே எடுக்கப்படுகின்றன. எடுக்கப்பட்ட வரிசை கணக்கில் கொள்ளப்படாததால் 1001 சேர்க்கைகள் பிறக்கின்றன. அவற்றில் ஒன்றை விலக்கி, எஞ்சிய 1000 சேர்க்கைகள் இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெறாத 14 அணிகளுக்குப் பங்கிடப்படுகின்றன. கடைசி மூன்று அணிகளுக்கு ஆளுக்கு 140. ஓரளவு நன்றாக ஆடிய பதினான்காவது அணிக்கு வெறும் 5. இவ்வாறு முதல் நான்கு இடங்கள் மட்டுமே குலுக்கலால் முடிவாகி, மற்றவை வெற்றி தோல்விக் கணக்கின்படி அமைகின்றன. 2024-இல் 3 சதவீத வாய்ப்பே பெற்றிருந்த அட்லாண்டாவும், 2025-இல் 1.8 சதவீத வாய்ப்பே பெற்றிருந்த டல்லஸும் முதலிடத்தை அடைந்தன. கூப்பர் ஃபிளாக் முதலாவதாக எடுக்கப்படுவார் என்பதில் 2025-இல் எந்தக் கணிப்பாளருக்கும் ஐயம் இருந்ததில்லை. அவரை எடுக்கும் பேறு டல்லஸுக்கு வாய்க்கும் என்று குலுக்கலுக்கு முன் சொன்னவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆகவே குலுக்கலுக்கு முந்தைய பட்டியல்களை வீரர்களின் தரவரிசையாக மட்டுமே கொள்வது முறை. அணிகளைப் பற்றிய உண்மையான கணிப்பு குலுக்கலுக்குப் பின்னர்தான் தொடங்குகிறது.

அணியின் மனத்தைப் படிப்பதில் மிகப் பழைய சிக்கல், தேவையைப் பார்ப்பதா திறனைப் பார்ப்பதா என்பதாகும். 1984-ஆம் ஆண்டு டிராஃப்ட் இதற்கு என்றும் சான்றாகக் காட்டப்படுவது. முதலிடத்தில் ஹூஸ்டன் ஹக்கீம் ஒலாஜுவானை எடுத்தது. இரண்டாமிடத்தில் போர்ட்லாந்து, வளையத்தின் அருகே நின்று ஆடும் சென்டரான சாம் பௌவியை எடுத்தது. மூன்றாமிடத்தில் சிகாகோ மைக்கேல் ஜோர்டானை எடுத்தது. பௌவி காயங்களால் நலிந்தார், ஜோர்டான் சிகாகோவுக்கு ஆறு முறை பட்டம் பெற்றுத் தந்தார் என்பதால், போர்ட்லாந்தின் தெரிவு விளையாட்டு வரலாற்றின் பெரும்பிழைகளுள் ஒன்றாக இன்றுவரை பேசப்படுகிறது. ஆனால் கணிப்பின் நோக்கில் பார்த்தால், அது அன்று எளிதாக எதிர்பார்த்திருக்கக்கூடிய தெரிவு: அந்த அணியிடம் ஜோர்டானின் இடத்தில் ஆட முந்தைய ஆண்டில்தான் எடுத்த கிளைட் டிரெக்ஸ்லர் இருந்தார், சென்டர் இடத்தில்தான் குறை இருந்தது. அணியின் குறையை எண்ணிப் பார்த்த எவரும் பௌவியின் பெயரையே சொல்லியிருப்பார்கள். அக்கணிப்பு பலித்திருக்கும், அத்தெரிவோ தவறாகவே முடிந்திருக்கும். கணிப்பவர் தம் சொந்த விருப்பத்தை விலக்கி வைத்து, தவறு செய்யப்போகும் அணியின் தவற்றையும் அதன் இயல்புப்படியே முன்னுரைக்க வேண்டும் என்பது இத்துறையில் முதலில் கற்க வேண்டிய பாடம். பெரும்பாலான ரசிகர்கள் தவறுவதும் இங்கேதான், ஏனெனில் அவர்கள் தாம் எடுத்திருக்கக்கூடியவரின் பெயரையே எழுதிவைக்கிறார்கள்.

தேவையை மட்டும் நம்பினாலும் வழுக்கி விழ நேரும் என்பதற்கு 2009 சான்று. அவ்வாண்டில் மினசோட்டா ஐந்தாம், ஆறாம் இடங்களை அடுத்தடுத்து வைத்திருந்து, பந்தைக் கொண்டுசென்று ஆட்டத்தை நடத்தும் பாயின்ட் கார்டுகள் இருவரையே, ரிக்கி ரூபியோவையும் ஜானி ஃபிளினையும், வரிசையாக எடுத்தது. ஏழாமிடத்தில் கோல்டன் ஸ்டேட் ஸ்டீபன் கரியை எடுத்தது. ஒரே இடத்துக்கு ஒரே மூச்சில் இருவரை ஓர் அணி எடுக்கும் என்று எந்தக் குறைப்பட்டியலும் சொல்லியிருக்காது. 2018-இல் ஃபீனிக்ஸ் அணியின் புதிய பயிற்சியாளராக வந்திருந்த இகோர் கோகோஷ்கோவ், முந்தைய ஆண்டில் லூக்கா டோன்சிச் ஆடிய சுலோவேனியாவை ஐரோப்பியச் சாம்பியனாக்கியவர் என்பதால், அவ்வணி டோன்சிச்சை எடுக்கும் என்று எதிர்பார்க்கக் காரணம் இருந்தது. அணியோ தன் மாநிலத்துப் பல்கலைக்கழகமான அரிசோனாவில் ஆடிய டியாண்ட்ரே எய்ட்டனை எடுத்தது. பயிற்சியாளரின் உறவைவிட உள்ளூர்ப் பற்றும் சென்டர் தேவையும் அங்கே கனம் பெற்றன.

உள்ளூர்ப் பற்று என்றவுடன் நினைவுக்கு வரவேண்டியது, 1965 வரை என்.பி.ஏ.யில் இருந்த வட்டார உரிமை விதி. ஓர் அணி தன் முதற்சுற்று உரிமையை விட்டுக்கொடுத்தால், தன் ஊரைச் சுற்றியுள்ள கல்லூரியில் ஆடிய வீரரை வரிசைக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம் என்பது அவ்விதி. உள்ளூர் மக்கள் அறிந்த முகம் ஆடினால் அரங்கம் நிறையும் என்பதே அதன் நோக்கம். 1959-இல் பிலடெல்பியா அணி, கான்சஸில் படித்த வில்ட் சேம்பர்லினை, அவர் பள்ளிப் பருவத்தில் பிலடெல்பியாக்காரர் என்ற காரணத்தைக் காட்டி இவ்விதியின் கீழ்ப் பெற்றது. பெரியகுளத்திலோ கம்பத்திலோ ஆடிப் பழகிய பையன் சென்னைக்குக் கல்லூரிப் படிப்புக்குச் சென்றபின், அவனை உருவாக்கிய ஊருக்கு அவன்மீது எந்த உரிமையும், அவன் ஆட்டத்தை மீண்டும் காணும் வாய்ப்பும் இல்லாமல் போவதை எண்ணினால், இன்று வழக்கொழிந்த இவ்விதியில் ஒரு நியாயம் இருந்ததாகவே தோன்றுகிறது.

கணிப்பின் மூன்றாம் தளம் தகவல். டிராஃப்டுக்கு முந்தைய வாரங்களில் அணிகள் வீரர்களைத் தனித்தனியே அழைத்துப் பயிற்சி பார்க்கின்றன. யார் எந்த ஊருக்குப் போனார் என்ற செய்தி கணிப்பாளருக்குப் பெரிய துப்பு. ஆனால் வீரரின் முகவர்கள் தமக்குப் பிடிக்காத அணிக்கு வீரரை அனுப்ப மறுப்பதும், அணிகள் தம் விருப்பத்தை மறைக்க வேறொருவர்மீது ஆர்வம் காட்டுவதும் வழக்கமென்பதால், துப்பே சில வேளைகளில் திசைதிருப்பும். 2022-இல் கடைசி நாள் வரை பெரும்பாலான பட்டியல்கள் ஆர்லாண்டோ ஜபாரி ஸ்மித் ஜூனியரை எடுக்கும் என்றே கூறிவந்தன. அவ்வணி எடுத்தது பாவ்லோ பங்கேரோவை. ஸ்மித் மூன்றாமிடத்தில் ஹூஸ்டனுக்குப் போனார். 2025-இல் ஏஸ் பெய்லி அணிகளின் அழைப்புகளுக்குச் செல்லாமலே இருந்துவிட்டார். அப்படியிருந்தும் ஐந்தாமிடத்தில் யூட்டா அவரை எடுத்தது. ஆகவே கடைசி நேரக் கசிவுகளை அறவே ஒதுக்காமலும் அவற்றையே நம்பிவிடாமலும், பல கணிப்பாளர்களின் பட்டியல்களைச் சேர்த்துச் சராசரி பார்ப்பதே ஒப்பீட்டளவில் பாதுகாப்பான வழி.

இவற்றுக்கெல்லாம் அடியில் இருப்பது வீரரைப் பற்றிய அளவீடு. டிராஃப்டுக்கு முன் சிகாகோவில் நடக்கும் கூட்டு முகாமில் உயரம், எடை, இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டினால் விரல் நுனிக்கு விரல் நுனி வரும் கைவிரிவு, நின்றும் ஓடியும் தாவும் உயரம் ஆகியவை அளக்கப்பட்டு வெளியிடப்படுகின்றன. உயரத்தைவிடக் கைவிரிவுக்கு அணிகள் தரும் மதிப்பு, பந்தை மறிப்பதும் ரீபவுண்ட் எடுப்பதும், அதாவது வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைக் கைப்பற்றுவதும், கையின் எட்டலைப் பொறுத்தவை என்பதிலிருந்து வருகிறது. வயதும் இதற்கு இணையான கணக்கு: ஒரே எண்ணிக்கையில் புள்ளி எடுத்த இருவரில், 22 வயதுக்காரரைவிட 19 வயதுக்காரருக்கு முன்னுரிமை கிடைக்கும், வளர்வதற்கு அவருக்குக் காலம் இருப்பதால். எறிதிறனைக் கணிப்போர் ஃப்ரீ த்ரோ எனப்படும் தண்டனை எறியைக் கூர்ந்து பார்க்கிறார்கள். ஒரு பருவத்தில் ஓர் இளைஞர் மூன்று புள்ளி எறிவது நூறு, நூற்றைம்பது முறைதான் என்றால், அதில் வெற்றி விகிதம் தற்செயலால் ஏறி இறங்கக்கூடும். தண்டனைக் கோட்டில் யாரும் மறிக்காமல், ஒரே தூரத்திலிருந்து, ஒரே அசைவில் எறிவதால் அவருடைய கையின் நேர்த்தி அங்கே தெளிவாகத் தெரிகிறது. மே மாதப் போட்டிக்கு வரும் பெரியவர்கள், தண்டனை எறியின்போது பையனின் முழங்கை வளையத்தை நோக்கி நேராக நிற்கிறதா, பக்கவாட்டில் விலகுகிறதா என்று பார்ப்பார்களானால், அந்தப் பார்வை புள்ளியியலாளரின் முடிவோடு ஒத்துப்போகும்.

இந்தியரைப் பொறுத்தவரை, இவ்வரிசையில் இடம்பெற்ற முதல் பெயர் சத்னம் சிங்குடையது. பஞ்சாபின் பர்னாலா மாவட்டத்துப் பல்லோ கே என்ற சிற்றூரில் பிறந்து, லூதியானா அகாடமியில் சுப்பிரமணியன் என்ற பயிற்சியாளரிடம் பயின்று, 2010-இல் புளோரிடாவின் ஐ.எம்.ஜி. அகாடமிக்குச் சென்ற அவரை, 2015-இல் டல்லஸ் 52-ஆவதாக எடுத்தது. முதற்சுற்றின் இடங்களுக்குப் பொருந்தும் தர்க்கம் அந்தப் பின்வரிசைக்குப் பொருந்தாது. அங்கே தவறினால் இழப்பு சிறிது என்பதால், ஏழடிக்கு மேற்பட்ட உயரம் போன்ற அரிய பண்பு ஒன்றை நம்பி அணிகள் துணிகின்றன. சத்னம் என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றிலும் இறங்கவில்லை, துணைத்தொடரில் ஆடினார். ஆயினும் கிராமத்துப் பையன் ஒருவனை உலகின் மறுமூலையில் இருப்போர் அளந்து, எழுதி, வரிசையில் வைக்க முடிந்தது என்பது சிறிய செய்தியன்று. அவருக்கு நான்கு ஆண்டுகள் முன்னரே, 2011-இல், சென்னையில் தெற்கு ரயில்வேயில் பணியாற்றிய கேரளத்தின் கீத்து அன்னா ஜோஸ் அமெரிக்க மகளிர் தொடரின் அணிகளிடம் தேர்வு ஆட்டங்களுக்குச் சென்றுவந்ததும் இங்கே மறக்கத்தக்கதன்று.

இனி, பள்ளத்தாக்கின் இளைஞருக்கு உண்மையில் வாய்க்கும் டிராஃப்ட் எது என்று பார்க்க வேண்டும். தமிழகத்தில் கூடைப்பந்தாட்டக்காரரின் வாழ்க்கையை நிலைநிறுத்துவது வங்கி, ரயில்வே, படைப்பிரிவு, காவல்துறை ஆகியவற்றின் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைதான்; 2022 ஏப்ரலில் சென்னையில் நடந்த தேசிய சீனியர் போட்டியின் இறுதியாட்டத்தில் பஞ்சாபை வென்ற தமிழ்நாட்டு ஆடவர் அணியைப் போன்ற அணிகளின் முதுகெலும்பும் இவ்வேலைகளே. குஜராத்திலிருந்து வந்து தமிழ்நாட்டுக்கு ஆடிய ரிகின் பெத்தானி போன்றோரின் பாதையும் இதுவே. ஆனால் இதில் வரிசை இல்லை, நாள் இல்லை, முறை இல்லை. ஒரு நிறுவனத்தில் காலியிடம் எப்போது வரும், எத்தனை வரும், எந்த ஆட்ட இடத்துக்கு வரும் என்பது அறிவிக்கை வெளியாகும்வரை வெளியாருக்குத் தெரியாது. இந்நிலையில் கேலரியில் கேட்கும் கணிப்பு, ஆட்டக்காரனைச் சரியாகப் படித்திருந்தாலும், அறிவிக்கையின் மௌனத்தில் முட்டி நின்றுவிடுகிறது.

இவற்றுள் எழுத்து வடிவில் விதிகள் தெளிவாக உள்ள ஒன்று ரயில்வேயின் விளையாட்டு ஒதுக்கீடு. விண்ணப்பதாரர் 18 முதல் 25 வயதுக்குள் இருக்க வேண்டும். மொத்த மதிப்பெண் 100. அதில் அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளில் அண்மைய ஆண்டுகளில் பெற்ற சாதனைக்கு 50, களத்தேர்வில் காட்டும் ஆட்டத்துக்கு 40, கல்வித் தகுதிக்கு 10. களத்தேர்வில் 40-க்கு 25 பெற்றால்தான் தகுதி. இவ்விதியைப் படிக்கும் எவரும் இன்னாருக்கு வேலை கிடைக்கும் என்று ஓரளவு கணித்துவிட முடியும் என்பது பாராட்டுக்குரியது. வெளிப்படையான அளவுகோல் இருக்கும் இடத்தில்தான் கணிப்பும் முறையீடும் சாத்தியமாகின்றன. அதே வேளையில், சாதனைக்குப் பாதி மதிப்பெண் என்பது, ஏற்கெனவே மாநில அணிக்குள் நுழைந்துவிட்டவருக்கு ஆதரவாகவே தராசைச் சாய்க்கிறது. 2013-இல் மில்வாக்கி 15-ஆவதாக எடுத்த யானிஸ் அடெடோகும்போ, அன்று கிரேக்கத்தின் இரண்டாம் நிலைத் தொடரில் ஃபிலாத்லிட்டிகோஸ் என்ற சிறிய அணிக்கு ஆடிக்கொண்டிருந்த 18 வயது இளைஞர். சான்றிதழ்க் கோப்பு அவரிடம் இல்லை. அவருடைய கைகளின் நீளத்தையும், உயரத்துக்குப் பொருந்தாத அவருடைய பந்து நடத்தும் லாவகத்தையும் பார்த்து எடுத்தார்கள். பின்னாளில் அவர் தொடரின் மிகச் சிறந்த வீரர் விருதை இருமுறை வென்று, 2021-இல் மில்வாக்கிக்குப் பட்டமும் பெற்றுத் தந்தார். அப்படிப்பட்ட ஒருவர் கூடலூரிலோ ஆண்டிபட்டியிலோ, பத்தொன்பதாம் வயதில் திடீரென்று வளர்ந்து நின்றால், சாதனைக்குரிய 50 மதிப்பெண்ணில் அவர் பெறப்போவது மிகச் சொற்பமே. வருங்காலத்தை அளக்கும் முறைக்கும் கடந்தகாலத்தை எண்ணும் முறைக்கும் உள்ள இவ்வேறுபாடுதான், நாட்டுப்புறத்து ஆட்டக்காரர் பலரைக் கல்லூரிப் படிப்போடு களத்தைவிட்டு வெளியேறச் செய்கிறது என்பதை எவ்வளவு அழுத்தியும் கூறலாம்.

நகரங்களின் பெயரில் அணிகள் அமையும் தொழில்முறைத் தொடர்கள் இந்நிலையை மாற்றக்கூடும் என்ற நம்பிக்கை அவ்வப்போது எழுகிறது. 2015-இல் தொடங்கிய யு.பி.ஏ. தொடர் சில பருவங்களோடு நின்றது. 2022-இல் ஆறு நகர அணிகளோடு ஐ.என்.பி.எல். வந்தது, 2025-இன் தொடக்கத்தில் டெல்லியில், 25 வயதுக்குட்பட்டோருக்கெனச் சென்னை உள்ளிட்ட ஆறு அணிகளோடு அதன் புதிய வடிவம் ஆடப்பட்டது. வயது வரம்பு என்பது இளையோரைத் தேடச் செய்யும் கட்டாயம் ஆதலால், இவ்வடிவமே பள்ளத்தாக்கின் பையன்களுக்கு மிக நெருக்கமானது. ஆனால் தேடி வருபவர் கையில் என்ன தரவு இருக்கும்?

இக்கேள்விக்கான விடை சென்னையிலோ டெல்லியிலோ இல்லை. பெரியகுளத்தின் ஸ்கோர் மேசையில் இருக்கிறது. உலகக் கூட்டமைப்பான ஃபிபாவின் அதிகாரபூர்வ ஸ்கோர் தாள், யார் எத்தனை புள்ளி எடுத்தார், யாருக்கு எத்தனை ஃபவுல் என்பதை மட்டுமே பெயர்வாரியாகப் பதிவு செய்கிறது. ரீபவுண்ட், பந்தைப் பறித்தது, கூடைக்கு வழிவகுத்த பாஸ், வீணாக்கிய பந்து ஆகியவை அதில் இடம்பெறுவதில்லை. அவற்றுக்குத் தனிப் புள்ளிவிவரத் தாளும் அதை நிரப்ப ஆட்களும் தேவை. பெரிய அணியின் மூத்த வீரர் 30 புள்ளி எடுத்தது மறுநாள் செய்தித்தாளில் வரும். எதிரணியின் உள்ளூர்ப் பையன் 4 புள்ளியோடு 11 ரீபவுண்ட் எடுத்திருந்தால், பார்த்தவர் நினைவைத் தவிர வேறெங்கும் அது தங்காது. அணிக்கு இரண்டு பள்ளி மாணவர்கள், ஒருவர் பார்த்துச் சொல்ல மற்றவர் எழுத, பக்கத்துக்கு ஐந்து பத்திகள் கோடிட்ட ஒரு நோட்டுப் புத்தகத்தோடு மேசைக்குப் பின்னால் அமர்ந்தால், தொடர் முடிவதற்குள் ஒவ்வோர் இளம் ஆட்டக்காரருக்கும் ஒரு பக்கம் தேறிவிடும். அதோடு போட்டியின் முதல் நாள் காலையில் உயரத்தையும் கைவிரிவையும் ஓர் அளவு நாடாவால் அளந்து, பிறந்த தேதியோடு அப்பக்கத்தின் தலைப்பில் எழுதிவிட்டால், தேடி வரும் எந்த அணிக்கும் அந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கொடுக்கலாம்.